ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் முன்

வீட்டு ரூட்டர் தொங்கிப்போனால் பிளக்கைப் பிடுங்கி மாட்டுகிறோம், பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. அதே கையோடு தொழிற்சாலையின் கன்ட்ரோல் பேனலைத் திறப்பவர்கள் நிறைய. அங்குள்ள ரூட்டருக்குப் பின்னால் பிஎல்சி (மெஷினை இயக்கும் கணினி), ஸ்காடா (ஆலையைத் திரையில் கண்காணிக்கும் மென்பொருள்), பம்ப், கன்வேயர் என்று ஆலையே இருக்கிறது. ஷிப்டுக்கு ஷிப்ட் வாய்வழியாக வரும் சில நம்பிக்கைகளை இங்கே சரிபார்க்கலாம்.

நம்பிக்கை: கரன்ட் போய் வந்தாலும் ரூட்டர் முன்பு இருந்தபடியே எழும்.

உண்மை: சேமித்திருந்தால் மட்டும். சிஸ்கோ ரூட்டரை எடுத்துக்கொள்வோம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ‘ரன்னிங் கான்ஃபிக்’ ரேமில் இருக்கிறது. மறுபடி எழும்போது ரூட்டர் படிப்பதோ சேமித்து வைத்த ‘ஸ்டார்ட்டப் கான்ஃபிக்’. போன வருடம் யாரோ புதிய பிஎல்சிக்கு ஒரு ரூட் சேர்த்துவிட்டு, சேமிக்காமல் போயிருக்கலாம். அது இன்றுவரை ஒழுங்காக வேலை செய்யும். கரன்ட் போன நொடியில் அழிந்துவிடும். ரூட்டர் எழும், பச்சை விளக்கும் எரியும், அந்த பிஎல்சி மட்டும் திரையில் வராது. பழுது தேடுகிறவர் கேபிளையும் பிஎல்சியையும் மாற்றிப் பார்ப்பாரே தவிர, போன வருட மாற்றத்தை எப்படி நினைப்பார்?

பிளக்கைப் பிடுங்காமல் ‘ரீலோட்’ கட்டளை கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். சேமிக்காத மாற்றம் இருந்தால், சேமிக்கட்டுமா என்று ரூட்டரே கேட்கும். பிடுங்கிய பிளக் எதையும் கேட்காது. ஆம் என்று சொல்லும் முன் இரண்டு கான்ஃபிகரேஷனையும் ஒப்பிட்டு, ஒரு நகலை லேப்டாப்பில் எடுத்துவையுங்கள்.

தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு, சேமிக்காதது அழிந்துபோகும் இதே தன்மை ஒரு காப்பும் ஆகும். ஆபத்தான மாற்றம் செய்யும் முன் ‘ரீலோட் இன் 10’ என்று கொடுத்து, சேமிக்காமல் மாற்றுங்கள். மாற்றம் தவறிப்போய் நீங்களே உள்ளே நுழைய முடியாமல் போனாலும், 10 நிமிடத்தில் ரூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வரும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’, பிறகு சேமிப்பு.

நம்பிக்கை: ரூட்டர் நின்றால் ஸ்காடா திரைதான் போகும், மெஷின் ஓடும்.

உண்மை: பாதிதான் சரி. பிஎல்சி தன் புரோகிராமைத் தானே ஓட்டும். ஆனால் பல இன்டஸ்ட்ரியல் ரூட்டர்களில் ஸ்விட்ச் போர்ட்டுகளும் சேர்ந்தே வருகின்றன. தள்ளி இருக்கும் இன்புட், அவுட்புட் மாட்யூல்கள் அவற்றின் வழியாகப் பேசினால் கதை வேறு. ப்ராஃபிநெட் என்ற ஆலை நெட்வொர்க்கின் வழக்கமான அமைப்பில் தொடர்ந்து 3 முறை தரவு வராவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கணக்கு. 2 மில்லிவினாடிக்கு ஒருமுறை தரவு போகும் இடத்தில் அது வெறும் 6 மில்லிவினாடி. ரூட்டர் எழுவதற்கோ நிமிடக்கணக்கில் ஆகும். அதற்குள் வால்வு மூடலாம், மோட்டார் நிற்கலாம். எந்த கேபிள் எங்கே போகிறது என்று பார்க்காமல், ப்ரொடக்‌ஷன் ஆட்களிடம் சொல்லாமல் கைவைப்பது தவறு.

நம்பிக்கை: ரூட்டர் அணையவில்லையா? எம்சிபி பிரேக்கரை இறக்கு.

உண்மை: இன்டஸ்ட்ரியல் ரூட்டர்கள் பலவற்றில் 24 வோல்ட் இணைப்பு இரண்டு இருக்கும், ஒன்றைக் கழற்றினால் மற்றதில் ஓடும். எம்சிபியை இறக்கினால் அதே பவர் சப்ளையில் இருக்கும் பிஎல்சியும் சென்சார்களும் சேர்ந்து அணையக்கூடும். ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது கரன்ட்டை எடுத்தால் ரூட்டரே எழாமல் போகலாம். ரீசெட் பட்டனும் ரீஸ்டார்ட் பட்டன் அல்ல. பல மாடல்களில் சில வினாடி அழுத்திப் பிடித்தால் எல்லா அமைப்பும் அழிந்து, தயாரித்த ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

நம்பிக்கை: ரீஸ்டார்ட் செய்தால் வைரஸும் போய்விடும்.

உண்மை: 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது தெரியவந்தது. ஆலைகளில் ஓடும் மோட்பஸ் போக்குவரத்தை ஒட்டுக்கேட்கும் பகுதியும் அதில் இருந்தது. ரூட்டர்களை ரீபூட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ மக்களிடம் கேட்டுக்கொண்டது. கட்டம் கட்டமாக ஏறும் அந்தத் தீநிரலின் பின்பகுதிகள் ரீபூட்டில் அழிந்தன. முதல் பகுதி அப்படியே தங்கியது. அதை நீக்க ஃபேக்டரி ரீசெட்டும் புதிய ஃபர்ம்வேரும் தேவைப்பட்டன.

ரீஸ்டார்ட்டில் போவது பெரும்பாலும் தடயம்தான். ரேமில் இருக்கும் லாக் அழிந்துவிட்டால் ரூட்டர் ஏன் தொங்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பட்டனைத் தொடும் முன் லாக்கைச் சேமியுங்கள். எழுந்த பின் பிங் வந்ததோடு நிறுத்தாமல் விபிஎன், ஸ்காடா, கடிகார நேரம் மூன்றையும் பார்த்துவிட்டுப் பேனலை மூடுங்கள்.