பூம்புகாரில் ஒரு மாண்டிசோரிப் பள்ளி: விழா, ஆசிரியர் பயிற்சி, ஊர்ப்பணி (முழுமையான வழிகாட்டி)

ஆண்டு விழா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு நாலு வயதுப் பெண் குழந்தைதான். கண்ணகி வேடம். கையில் அட்டையில் செய்த சிலம்பு, முகத்தில் பவுடர், கண்ணில் வழிந்த மை. மாலை ஐந்து மணிக்கு ஒப்பனை முடிந்தது. அவள் மேடையேறியது எட்டு மணிக்கு. அதற்குள் இரண்டு முறை அழுது, ஒரு முறை தூங்கி எழுந்திருந்தாள். மேடையில் அவள் நின்றது ஒன்றரை நிமிடம். கீழே எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அன்று அந்தப் பள்ளியில் நானும் வேலை பார்த்தேன், அந்த ஒப்பனையில் எனக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகுதான் பள்ளி விழா என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசித்தேன்.

காவிரி கடலில் சேரும் பூம்புகாரிலோ, பக்கத்து வானகிரி, மேலையூர், திருவெண்காட்டிலோ சின்னதாக ஒரு மாண்டிசோரிப் பள்ளி தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விழா எப்படி நடத்துவது, டீச்சர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது, ஊருக்கு என்ன செய்வது என்ற மூன்று கேள்விகள் எல்லாரும் கேட்பவை. மூன்றையும் தனித்தனிச் செலவாகப் பார்க்காதீர்கள். பாயில் உட்கார்ந்து தன் வேலையைத் தானே செய்யும் ஒரு குழந்தையிடமிருந்துதான் மூன்றும் தொடங்குகின்றன.

தொடங்கும் முன்: அடையாற்றில் நடந்தது

மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அந்த முறை நம் பக்கம் வேர் பிடித்தது 1939 நவம்பரில். பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, சென்னை அடையாற்றுக்கு அவர் வந்து சேர்ந்தார். அப்போது வயது அறுபத்தொன்பது. ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். உட்கார்ந்து கேட்டவர்கள் வீட்டில் பேசியதோ பல மொழிகள்.

சில மாதங்களில் திரும்ப வேண்டியவர். உலகப் போர் தடுத்துவிட்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மரியோவை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்றுதான் மகன் விடுதலையானார். பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான கல்வியை மாண்டிசோரி விரிவாக வகுத்தது அங்கேதான். 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், 1947இல் மறுபடி வந்தார். அவருடைய பெயர்பெற்ற நூலான 'தி அப்சார்பென்ட் மைண்ட்' 1949இல் அச்சானது அடையாற்றில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், “நம்மகிட்ட ஏசி ரூம் இல்ல, இறக்குமதிச் சாமான் இல்ல” என்று தயங்குகிறவர்கள் அதிகம். இந்த முறையை உலகுக்குக் கொடுத்தவரே ஓலைக் கொட்டகையில் நின்று சொல்லிக்கொடுத்த நாடு இது.

படி 1: ஆற்றையும் கடலையும் பார்த்து நாள் குறியுங்கள்

ஜூன் மாதத்தில் முதல் வேலையாக ஒரு பெரிய தாளில் ஊரின் ஆண்டை வரையுங்கள். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. நாம் கடைமடையில் இருப்பதால் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வர நாளாகும். நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வயல்வேலை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பெற்றோர் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வராதவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. சம்பா அறுவடை தை, மாசியில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளிநிகழ்ச்சி எதுவும் வேண்டாம்.

கடற்கரைக் குப்பங்களின் கணக்கு வேறு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருக்கும் காலம் அது. அவர்கள் பள்ளிக்குள் வர வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசி வாரம்தான் நல்ல நேரம். மீன் விற்கப் போகும் அம்மாக்கள் காலையில் வர முடியாது, மாலை ஐந்துக்கு மேல் வைத்தால் வருவார்கள். இவற்றைக் குறித்த பிறகு ஆடிப்பெருக்கு, தைப்பொங்கல், சித்ரா பௌர்ணமியைச் சேருங்கள். ஆண்டுக்கு மூன்று ஊர் நிகழ்ச்சி போதும்.

படி 2: டீச்சருக்கு முதல் பயிற்சி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது

புதிதாக வந்த டீச்சர் முதல் வாரம் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அறையின் மூலையில் ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம். ஒரே ஒரு குழந்தையை அரை மணி நேரம் பார்க்க வேண்டும். என்ன எடுத்தாள், எத்தனை முறை திரும்பச் செய்தாள், எப்போது நிமிர்ந்து பார்த்தாள் என்று மட்டும் எழுத வேண்டும். “சமர்த்து”, “குறும்பு” போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை. “9.10: செம்பை இரண்டு கையாலும் தூக்கினாள். தண்ணீர் சிந்தியது. துணி எடுத்து வந்தாள்.” இப்படி எழுதினால் போதும்.

கேட்க எளிது, செய்யக் கடினம். நம் ஊர்ப் பெண்களுக்குப் பிள்ளை தடுமாறினால் கை தானாக நீளும். அந்தக் கையை மடியில் வைத்திருக்கப் பழகுவதற்கே ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தை அவசரப்படுத்தாதீர்கள், மற்ற பயிற்சியெல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.

இரண்டாவது மாதம் செய்துகாட்டுதல். ஒரு டீச்சர் பாயை விரித்து, தட்டைக் கொண்டுவந்து, பேசாமல், மெதுவாக, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் கடைசி வரை செய்கிறார். மற்றவர்கள் குழந்தைகளாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் செய்கிறார்கள். வாயும் கையும் ஒரே நேரத்தில் ஓடினால் குழந்தை எதைக் கவனிக்கும்? வெங்காயம் நறுக்குவதை ஒரு சொல் பேசாமல் செய்துகாட்டிப் பாருங்கள், நம் கை எத்தனை தேவையில்லாத அசைவு செய்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு வேலையையும் சொந்தக் கையெழுத்தில், படம் வரைந்து, தன் ஆல்பத்தில் எழுதுவது மாண்டிசோரிப் பயிற்சியில் வழிவழியாக வருவது. அச்சடித்த ஆல்பம் வாங்கிக் கொடுக்காதீர்கள். தமிழிலேயே எழுதட்டும்.

சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போதும், ஆனால் ஒரு சனிக்கிழமையும் விடக்கூடாது. அந்த வகுப்புக்குப் பக்கத்து அங்கன்வாடி அக்காக்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் பல வருடமாகக் குழந்தைகளோடு இருப்பவர்கள். நம் டீச்சர்களுக்கும் அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. முறையான சான்றிதழ் வேண்டுபவர்களைச் சென்னை, பெங்களூரு பயிற்சி மையங்களுக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் எல்லாரையும் அனுப்ப முடியாது, ஆண்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சாமானை ஊரில் தேடுங்கள்

இளஞ்சிவப்புக் கோபுரம், உப்புத்தாள் எழுத்து, பொன்மணிகள் ஆகியவற்றுக்கு அளவு முக்கியம். கோபுரத்தின் பத்துக் கட்டைகளும் 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை சரியாக ஏற வேண்டும். மில்லிமீட்டர் பார்த்து இழைக்கும் தச்சர் சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ கிடைத்தால் செய்யச் சொல்லலாம், இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். மற்ற பெரும்பாலான சாமான் நம் வீட்டிலேயே இருக்கிறது: முறம், சொம்பு, கோரைப்பாய், நார், வலை பின்னும் ஊசி, பயறு.

எனக்குப் பிடித்தது முகத்தலளவைகள். பழைய வீடுகளின் பரணில் ஆழாக்கு, உழக்கு, உரி, படி கிடக்கும். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இரட்டிப்பு. படிக்குள் எட்டு ஆழாக்கு. ஒரு தட்டில் நெல், நான்கு அளவைகள், சிந்தியதை அள்ள ஒரு சின்னத் துடைப்பம். சொல்லிக்கொடுக்க மூன்று கட்டம்:

“இது ஆழாக்கு. இது உழக்கு.” இவ்வளவுதான். நிறுத்துங்கள்.

“உழக்கு எங்க? ஆழாக்க எடுத்து என் கையில குடு.” இதை விளையாட்டாகப் பலமுறை கேளுங்கள்.

“இது என்ன?” தெரியவில்லை என்றால் “தப்பு” என்று சொல்லாமல் இன்னொரு நாள் முதல் கட்டத்துக்குத் திரும்புங்கள்.

நெல்லை அளக்கும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு உழக்கைவிட நல்ல கணக்குப் பாடம் எந்தக் கடையிலும் கிடையாது.

படி 4: பெற்றோர் நாளில் மேடை போடாதீர்கள்

மேடை, ஒலிபெருக்கி, பந்தல் மூன்றுக்கும் ஆகும் பணத்தில் ஒரு வருடத்துக்குப் பாய், தட்டு, கிண்ணம் வாங்கலாம். பெற்றோரைத் தரையில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டாரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், பாயை விரித்து, தான் செய்யும் வேலைகளில் மூன்றைக் காட்டட்டும். எந்த மூன்று என்பதைக் குழந்தைதான் முடிவு செய்ய வேண்டும். டீச்சர் ஓரமாக நிற்கட்டும். ஒரு நாளைக்கு ஆறு குடும்பத்துக்கு மேல் கூப்பிடாதீர்கள். நான்கு மாலைகளாகப் பிரியுங்கள்.

ஒரு கடலோரப் பள்ளியில் இப்படி ஒரு மாலை. பேத்தி மண்குவளையில் தண்ணீர் ஊற்றுகிறாள், ஆயாவின் கை போய்விட்டது.

“ஆயா, அவளே ஊத்தட்டும். பாத்துக்கிட்டு இருங்க.”

“கீழ சிந்துது பாருங்க டீச்சர்!”

“சிந்துனா தொடைக்கத் துணி இருக்கு ஆயா. எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும்.”

பேத்தி எழுந்து போய்த் துணியை எடுத்து வந்தாள், துடைத்தாள், பிழிந்தாள், கொடியில் காயப்போட்டாள். ஒரு துளிகூட இல்லை என்று தரையைக் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து ஊற்றத் தொடங்கினாள். ஆயா வாயைத் திறக்கவே இல்லை. போகும்போது, “வூட்ல ஒரு சின்னச் சொம்பு இருக்கு, இவளுக்கே குடுத்துடறேன்” என்றார். விழா என்றால் எனக்கு இனி அதுதான்.

எழுத்து எப்போது வரும், ஏ, பி, சி, டி எப்போது என்று கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, மழுப்பாதீர்கள். உப்புத்தாள் 'ட'வில் பிள்ளையின் விரல் போவதைக் காட்டுங்கள். அம்மாவையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரப் பேச்சு செய்யாததை அது செய்யும்.

படி 5: ஊர்ப்பணி, வயதுக்கு ஏற்றபடி

மூன்று முதல் ஆறு வயதுக்குச் சேவை என்பது கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருப்பது. செடிக்குத் தண்ணீர், சாப்பாட்டு வரிசைக்குத் தட்டு, வந்தவருக்கு மோர். ஆடிப்பெருக்கன்று பள்ளி வாசலில் மோர்ப் பந்தல் போட்டால் குழந்தைகளே குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள். வருடம் முழுக்க ஊற்றிப் பழகிய கை அல்லவா.

ஆறு வயதுக்கு மேல் மாண்டிசோரி சொல்வது 'வெளியே போதல்'. முப்பது பேரை பஸ்ஸில் ஏற்றும் சுற்றுலாவோடு இதைச் சேர்க்காதீர்கள். மூன்று, நான்கு பிள்ளைகள் தங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியோடு, தாங்களே திட்டம் போட்டு, துணைக்கு ஒரு பெரியவரோடு போவது. கீழையூரில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையோ, 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமோ பக்கத்தில் இருக்கையில் வேறென்ன வேண்டும்?

அந்த வயதினருக்கு நான் முதலில் சொல்வது பனை விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். பொறுக்கி, மழைக்கு முன் வாய்க்கால் கரையிலும் கடலோரப் புறம்போக்கிலும் பத்தடி இடைவெளியில் ஊன்றலாம். ஊராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பனை காய்க்க 12 முதல் 20 ஆண்டு ஆகும். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு விதைக்கும் நோட்டில் ஓர் எண், ஒவ்வொரு மாதமும் ஒரு நடை. முளைக்காததையும் எழுத வேண்டும்.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. முட்டைகளைப் பொரிப்பகங்களில் காப்பது வனத்துறையின் வேலை. குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள். கடலில் விடும் நாளில் அனுமதி பெற்றுப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம், தொடாமல் பார்க்கலாம். அதற்கு முந்தின வாரம் கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் அறுந்த வலைத் துண்டுகளையும் பொறுக்கி எடை போட்டு எழுதுவது அவர்களுடைய பங்கு.

டிசம்பர் 26

2004 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த வீடுகள் இந்தக் கரையில் பல. அந்த நாளை மட்டும் நிகழ்ச்சியாக்காதீர்கள். பாட்டு, நாடகம், புகைப்படம் எதுவும் வேண்டாம். அன்று ஊரார் கடலில் பாலும் பூவும் விடுவார்கள். அழைத்தால் போய் நில்லுங்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், மாண்டிசோரி வகுப்பில் வழக்கமான மௌனப் பயிற்சியைக் கொஞ்சம் நீட்டினால் போதும். சின்னக் குழந்தை ஏதாவது கேட்டால் தெரிந்ததைச் சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள்.

மறக்கக் கூடாதவை

குப்பத்தில் எதைத் தொடங்குவதானாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய்ப் பேசுங்கள். பிள்ளைகளை ஆற்று முகத்துவாரத்தில் இறக்கவே கூடாது, முழங்கால் அளவுக்குக்கூட. கடற்கரையில் ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும். பெற்றோர் எழுதித் தராமல் குழந்தையின் படத்தை எங்கும் போடாதீர்கள். நன்கொடை கொடுத்தவரின் பெயரைப் பிள்ளைகளைக் கொண்டு சொல்லவைக்காதீர்கள்.

பெற்றோர் நாள் முடிந்த மறுநாள் காலை கலந்தாய்வு வைக்காமல் வழக்கமான மூன்று மணி நேர வேலையை நடத்துங்கள். டீச்சர் நோட்டோடு மூலை ஸ்டூலில் உட்காரட்டும். நேற்று அம்மாவுக்கு உழக்கைக் காட்டிக்கொடுத்தவள் இன்று எந்தத் தட்டை எடுக்கிறாள், எத்தனை மணிக்கு என்று எழுதட்டும்.