விசாரிப்பது என்றால் என்ன?

யாக்கோபு 1:27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கும்படி அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. நாம் பேசுகிற தமிழில் விசாரிப்பது என்றால் "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவதுதான். மூலபாஷையிலோ, நேரில் போய்ப் பார்த்து வேண்டியதைச் செய்வது என்று அர்த்தம்.

எகிப்து தேசத்து அசியூத் பட்டணத்தில் 1911-ல் சகோதரி லில்லியன் டிராஷர் செய்தது அதுதான். சாகக்கிடந்த ஒரு தாயைப் பார்க்கப் போனவர் கைக்கு ஒரு பச்சைக்குழந்தை வந்தது. கெட்டுப்போன பாலைத் தகரக் குவளையில் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை! ராத்திரியெல்லாம் அழுகை. கூட இருந்த மிஷனரிகளுக்குத் தூக்கம் போச்சு. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள். சகோதரியோ பிள்ளையோடு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். கழுதைமேல் ஏறி கிராமம் கிராமமாக உதவி கேட்டார். கட்டிடத்துக்குச் செங்கல் அறுத்தபோது பெரிய பிள்ளைகளும் கூட நின்றார்கள். விதவைகளும் தங்கள் பிள்ளைகளோடு வந்து தங்கினார்கள். யாக்கோபு சேர்த்துச் சொன்ன இருவரும் ஒரே இடத்தில்!

எகிப்தின் கோப்து சபையாருக்கு கிறிஸ்துமஸ் ஜனவரி 7. பண்டிகைக்குப் புதுத்துணி கொடுக்க யாராவது வந்துவிடுவார்கள். ஜனவரி 8 காலையில்? ரொட்டி சுடணும், துணி துவைக்கணும், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரணும். 1961-ல் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அங்கே ஏறக்குறைய 1,200 பிள்ளைகள். அத்தனை வாய்க்கும் தினம் ஆகாரம்! அந்த இல்லம் இன்றும் நடக்கிறது.

டிசம்பரில் கேக்கோடு பிள்ளைகள் இல்லத்துக்குப் போகிற சபையாரே, போங்கள், நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற மாசத்தில் நோட்டும் செருப்பும் வேண்டுமே, அப்போது யார் போகிறீர்கள்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.