கணினிப் புரோகிராமுக்கும் உறுதி வேண்டும்

உக்குவளைப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தை விலை பேசிவிட்டு, உறுதியைப் பார்த்ததும் திரும்பி வந்திருக்கிறேன். ஐந்து பிள்ளைகளின் பிரிக்கப்படாத பங்குக் காணி. நால்வர் சம்மதம், ஐந்தாமவர் வெளிநாட்டில், தொடர்பே இல்லை. ஒரு கையெழுத்துக் குறைந்ததால் தோட்டம் காடாகிக் கிடக்கிறது. ஒரு கணினிப் புரோகிராமிலும் இதே சிக்கல் வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மாத்தளையில் மிளகு, கராம்பு வாங்கும் நாங்கள் ஏழு கடைக்காரர் சேர்ந்து, கொள்வனவும் ஸ்டொக்கும் பார்க்க ஒரு புரோகிராம் எழுதுவித்தோம். ஊர்த் தம்பிமார் மூவர் எழுதினார்கள். ஈரத்துக்குக் கழித்து நிறை போடுவதுவரை அதில் உண்டு. காசைக் கொடுத்தோம், கடதாசி எதுவும் எழுதவில்லை. தெரிந்த பிள்ளைகள்தானே! பிறகு, மற்ற ஊர் வியாபாரிகளும் பாவித்துத் திருத்தட்டும் என்று அதைத் திறந்த மூலமாக வெளியிட நினைத்தோம். "எங்கள் காசு, எங்கள் பொருள்" என்றேன். சட்டத்தரணி தலையை ஆட்டினார்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, புரோகிராமின் பதிப்புரிமை எழுதியவருக்கே உரியது. பதிவுகூடத் தேவையில்லை. சம்பளத்துக்கு இருப்பவர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதவரை அது முதலாளிக்கு. எங்கள் தம்பிமார் சம்பளக்காரர் அல்லர். உரிமை கைமாற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரும் பெறுபவரும் இருவருமே ஒப்பமிட வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

திறந்த மூலம் என்றால் உரிமையாளரே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உரிமையாளர் ஒருவர் இருப்பதால்தான் "எல்லோரும் பாவியுங்கள், திருத்துங்கள்" என்று அனுமதி கொடுக்க முடிகிறது. நூறு பேர் எழுதினால் நூறு உரிமையாளர். படம் பார்க்கும் வீஎல்சி பிளேயர் நம் பிள்ளைகளின் கணினிகளிலும் இருக்கிறதல்லவா? 2011, 2012 காலத்தில் அதன் அனுமதி நிபந்தனையை மாற்ற, எழுதிய நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தேடிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. பங்குக் காணிக் கதைதான்.

இதற்காகத்தான் சில திட்டங்களில் எழுதுபவரிடம் உரிமையை முன்கூட்டியே ஓர் அமைப்புக்கு எழுதி வாங்குகிறார்கள். அமெரிக்காவின் ஃப்ரீ சொப்ட்வெயர் பவுண்டேஷன் அப்படிச் செய்தது, புரோகிராம் என்றும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும் என்று பதிலுக்கு வாக்கும் கொடுத்தது. அப்பாச்சி பவுண்டேஷன் உரிமையை எழுதியவரிடமே விட்டு, விரிவான அனுமதிப் பத்திரம் மட்டும் வாங்குகிறது. லினக்ஸில் இரண்டும் இல்லை, அவரவர் உரிமை அவரவருக்கு. முழுதாக எழுதிக் கேட்டால் நல்ல பிள்ளைகள் பின்வாங்குவார்கள் என்பதும் உண்மை. ஜீசீசீ என்ற பெயர்பெற்ற திட்டம் 2021இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

நம் நாட்டிலேயே சகானா இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய நம் இளைஞர்கள் இரவு பகலாக எழுதிய புரோகிராம். அந்த அவசரத்திலும் அதன் கோப்புகளின் தலையில் பதிப்புரிமை லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷனுக்கு என்று ஒரே பெயர் போடப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் அது போய் உதவியது. 2009இல் சகானா சொப்ட்வெயர் பவுண்டேஷன் என்ற தனி அமைப்பு உருவாகித் திட்டத்தைப் பொறுப்பேற்றது. ஐந்து வருடத்தில் கைமாறும் என்று சுனாமி நாட்களில் யார் நினைத்திருப்பார்கள்?

எங்கள் விடயத்தில், சங்கத்தின் பெயரில் ஒரு பக்கப் பத்திரம் எழுதினோம். உரிமை சங்கத்துக்கு, புரோகிராம் திறந்தே இருக்கும், எழுதியவர் தன் பகுதியை வேறெங்கும் பாவிக்கலாம், அவர் பெயர் அதில் இருக்கும். பெயருக்கான உரிமையைச் சட்டமும் அவர் உயிரோடிருக்கும்வரை கைமாற விடுவதில்லை. இரு தம்பிமார் தேநீர் ஆறுமுன் ஒப்பமிட்டார்கள். மூன்றாமவர் எழுதத் தொடங்கியபோது கொழும்பில் ஒரு கொம்பனியில் வேலைக்கு இருந்திருக்கிறார். எந்த வரி கொம்பனியுடையது, எது தன்னுடையது என்று அவருக்கே நிச்சயமில்லை. கொம்பனியிடமிருந்து கடிதமும் வரவில்லை.

அவர் எழுதிய ஸ்டொக் பகுதியை இப்போது மற்ற இருவரும் முதலிலிருந்து எழுதுகிறார்கள். இம்முறை பத்திரத்தில் ஒப்பமிட்ட பிறகுதான் கணினியைத் திறந்தார்கள்.