பொம்மை பறந்தது, விமானம் கவிழ்ந்தது

கேள்வி: ரேடியோ கன்ட்ரோல் ஆட்டோஜைரோ மாடல் ஒன்று செய்தேன். தரையை விட்டுக் கிளம்பியதுமே ஒரு பக்கமாகக் கவிழ்கிறது. இதற்கு முதலில் வழி கண்டவர் யார்?

பதில்: இது ஆட்டோஜைரோவின் பிறவிக் கோளாறு. அதைக் கண்டுபிடித்தவரையே படாத பாடு படுத்தியது. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் தெ லா சியெர்வா வடிவமைத்த மூன்று எஞ்சின் விமானம், 1919-ல் வேகம் குறைந்துபோய் விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத விமானம் வேண்டுமென்று, தலைக்கு மேல் ரோட்டரைப் பொருத்தினார். அதை எஞ்சின் சுழற்றாது. கீழிருந்து பாயும் காற்றே சுழற்றும். யோசனை பிரமாதம்தான். ஆனால் அவர் செய்த முதல் மூன்று விமானங்களும் ஒழுங்காகப் பறக்கவில்லை.

காரணம் இதுதான்: விமானம் முன்னேறும்போது, ஒரு பக்கத்து பிளேடு காற்றை எதிர்த்து வருகிறது, மறுபக்கத்து பிளேடு காற்றோடு பின்வாங்குகிறது. எதிர்த்து வருவதற்குத் தூக்குவிசை அதிகம். ஆகவே பின்வாங்கும் பக்கமாக விமானம் சாய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அவர் செய்த சிறிய மாடல் மட்டும் சாயாமல் பறந்தது! அதன் பிளேடுகள் பிரம்பில் செய்தவை. அதிக விசை பட்டதும் பிரம்பு மேலே வளைந்துகொடுத்தது. வளைந்ததால் விசை குறைந்தது. பெரிய விமானத்தின் பிளேடுகளோ விறைப்பாக நின்றன. உடனே ஒவ்வொரு பிளேடின் அடியிலும் கீல் வைத்தார். 1923 ஜனவரியில் அவருடைய சி.4, மாட்ரிட் அருகே ஹெத்தாஃபேயில் பறந்தது. இன்றைய ஹெலிகாப்டர்கள் பலவற்றிலும் இருப்பது அந்தக் கீலின் வாரிசுதான்.

கையாளுவதில் இன்னொரு குறை பாக்கி இருந்தது. மெதுவாகப் போகும்போது, இறக்கையில் உள்ள திருப்புப் பலகைகளுக்குப் போதிய காற்று கிடைக்காது. அதனால் 1930-களின் தொடக்கத்தில் ரோட்டர் தலையையே சாய்த்துத் திருப்பும் முறைக்கு மாறினார், சி.30 அப்படி வந்ததுதான்.

உங்கள் மாடலுக்கு வருவோம். பிளேடுகள் மேலும் கீழும் தாராளமாக அசைகின்றனவா பாருங்கள். கீலுக்குப் பதில் வளையும் தகடு வைத்திருந்தால், அது தடித்திருக்கலாம். ரோட்டர் தலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் மூக்கு சற்றே தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோட்டர் நன்றாக வேகமெடுப்பதற்குள் அவசரப்பட்டுக் கிளப்பாதீர்கள். பாதி வேகத்தில் கிளம்பினால் எந்தக் கீலும் காப்பாற்றாது. புது எலெக்ட்ரானிக் கருவிகளுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.