விழும் தண்டைத் தாங்கும் வளையம்

சிலாங்கூர் மாநிலத்தின் வட எல்லையில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் அமைந்துள்ளது சுங்கை பஞ்சாங். நெல் வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் உழைப்பின் பெரும்பகுதி சக்கரங்களின் மேல்தான் நகர்கிறது. பழக்குலைகளை ஏற்றிச் செல்லும் லோரிகள், உரமூட்டைகளைச் சுமக்கும் பிக்கப் வாகனங்கள், வயலை உழும் டிராக்டர்கள் ஆகியவற்றை இங்கு நாள்தோறும் காணலாம். இவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில், பழைய கார்களை வாங்கி அவற்றின் வேகத்தைக் கூட்ட விரும்பும் இளைஞர்களையும் காண இயலும். அவர்களுள் பலரது கவனம் இயந்திரத்தின் ஆற்றலிலேயே நிலைத்திருக்கிறது. அந்த ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் தண்டைப் பற்றிச் சிந்திப்போர் குறைவு.

முன்புறம் இயந்திரமும் பின்புறம் இயங்கு சக்கரங்களும் கொண்ட வாகனங்களில், கியர்ப் பெட்டியையும் பின்னச்சில் உள்ள டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட எஃகுக் குழாய் இணைக்கிறது. இதுவே செலுத்துத் தண்டு ஆகும். பட்டறைகளில் இதனைப் ‘புரொப்பெல்லர் ஷாஃப்ட்’ என்பர். மேடு பள்ளங்களில் பின்னச்சு ஏறி இறங்குவதால், தண்டும் சாய்ந்து நிமிர வேண்டியுள்ளது. அதற்காகவே அதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவ மூட்டுகள் பொருத்தப்பட்டுள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக் இவ்வகை மூட்டை ஆராய்ந்து பயன்படுத்தினார். 1903 ஆம் ஆண்டில் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வாகனங்களுக்கு ஏற்ற மூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் இந்த நீண்ட தண்டு இல்லை. ஆகவே, இங்குக் கூறப்படும் ஆபத்து பின்சக்கர இயக்க வாகனங்களுக்கே பெரிதும் உரியது.

இத்தண்டு தாங்கும் விசை வியப்பூட்டுவதாகும். ஓர் இயந்திரம் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தருவதாகக் கொள்வோம். முதல் கியரின் விகிதம் 3.5 எனில், தண்டை முறுக்கும் விசை 1,050 நியூட்டன் மீட்டராகப் பெருகுகிறது. பந்தயக் கார் ஒன்று நின்ற நிலையிலிருந்து திடீரெனப் பாயும்போது இவ்விசை ஒரே அடியாக மூட்டுகளின் மேல் விழுகிறது. இயந்திரத்தின் ஆற்றலை மட்டும் கூட்டிவிட்டுப் பழைய தண்டையும் தேய்ந்த மூட்டையும் அப்படியே விட்டுவிட்டால், அமைப்பில் வலிமை குன்றிய உறுப்பே முதலில் முறியும்.

முறிவு எந்த முனையில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து விளைவும் மாறுபடும். பின்மூட்டு முறிந்தால் தண்டின் பின்முனை சாலையில் விழுந்து இழுபட்டுச் செல்லும். சில வேளைகளில் தண்டு கியர்ப் பெட்டியிலிருந்து கழன்றும் போகும். முன்மூட்டு முறிவதோ இதனினும் கொடியது. அப்போது தண்டின் முன்முனை சாலையை நோக்கித் தாழ்கிறது. பின்முனை மட்டும் டிஃபரன்ஷியலோடு இணைந்தே இருக்கிறது. முன்னோக்கி விரையும் கார், தரையில் குத்திய தண்டின் மேல் உந்தித் தூக்கப்படலாம். கோலூன்றித் தாண்டும் விளையாட்டு வீரர் கோலை ஊன்றி எழும்புவதை இதற்கு ஒப்பிடலாம்.

இந்நிலையில் ஓட்டுநர் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தாலும் தண்டு உடனே நின்றுவிடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சாதாரணக் காரின் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. டிஃபரன்ஷியலின் விகிதம் நான்கு எனில், தண்டு விநாடிக்கு 60 முறை சுழலும். கார் ஓடும்வரை பின்சக்கரங்களே அதனைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அவ்வாறு கட்டுப்பாடின்றிச் சுழலும் எஃகுத் தண்டு, அருகில் செல்லும் பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் அறுத்துவிடக்கூடும்; மெல்லிய தரைத்தகட்டைக் கிழித்து, உள்ளே அமர்ந்திருப்போரின் கால்களையும் தாக்கக்கூடும்.

இவ்வாபத்தைத் தடுக்கவே பாதுகாப்பு வளையம் உருவாக்கப்பட்டது. இது தண்டைத் தொடாமல் அதனைச் சுற்றி நிற்கும் ஓர் எஃகு வளையமாகும். வாகனம் சீராக ஓடும் நாள்களில் இதற்கு எந்த வேலையும் இல்லை. மூட்டு முறியும் அந்த ஒரு கணத்தில், தண்டு தரையைத் தொடாமல் ஏந்திக்கொள்வதே இதன் கடமை. 1951 ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம் இதற்குத் தெளிவான விதிகளை வகுத்துள்ளது. கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தொலைவை, வழவழப்பான பந்தய டயர்களுடன் 13.99 விநாடியிலோ அதற்கும் குறைந்த நேரத்திலோ கடக்கும் கார்களுக்கு இவ்வளையம் கட்டாயமாகும். வளையம் முழு வட்டமாக இருத்தல் வேண்டும். எஃகுப் பட்டையாயின் குறைந்தது 6.35 மில்லிமீட்டர் தடிப்பும் 50.8 மில்லிமீட்டர் அகலமும் தேவை. எஃகுக் குழாயாயின் 22 மில்லிமீட்டர் விட்டமும் 1.65 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் தேவை. முன்மூட்டிலிருந்து 152 மில்லிமீட்டருக்குள் அதனைப் பொருத்த வேண்டும். முன்முனை விழுவதே மிகக் கொடியது என்பதால்தான் வளையத்தின் இடமும் முன்புறமாக அமைந்துள்ளது.

வளையத்தைக் கடையில் வாங்கலாம். பட்டறையிலும் செய்து கொள்ளலாம். வாங்குவோர் அது தம் வாகனத்தின் அடிச்சட்டத்திற்குப் பொருந்துமா எனப் பார்க்க வேண்டும். பளபளப்பான வண்ணப்பூச்சைவிட உலோகத்தின் தடிப்பே முக்கியம். செய்ய விரும்புவோர் தேர்ச்சி பெற்ற பற்றவைப்பாளரையே நாட வேண்டும். வளையத்தை இரு பாதிகளாகச் செய்து போல்ட்டுகளால் இணைத்தால், பின்னாளில் தண்டைக் கழற்றுவது எளிதாகும். காரிலேயே பற்றவைக்க நேர்ந்தால், முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டிப்பதும், எரிபொருள் குழாய்களை அகற்றுவதும், தீயணைப்பானை அருகில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை.

வளையம் எவ்வளவு வலிமையானதாயினும், அது பொருத்தப்படும் இடம் வலுவற்றதாயின் பயனில்லை. மெல்லிய தரைத்தகட்டில் திருகாணிகளால் மாட்டப்பட்ட வளையம், முறிந்த தண்டின் முதல் அடியிலேயே பிய்ந்து விழும். அடிச்சட்டத்திலோ உறுதியான குறுக்குச் சட்டத்திலோ அதனைப் பொருத்த வேண்டும். தரைத்தகட்டைத் தவிர்க்க இயலாவிடில், விசையைப் பரப்பும் தடித்த தாங்கு தகடுகளைப் பயன்படுத்த வேண்டும். தானாகத் தளராத நட்டுகளே இதற்கு ஏற்றவை. இடைவெளியையும் கவனத்தில் கொள்ள வேண்டும். வளையம் மிக நெருங்கி இருந்தால், பின்னச்சு ஏறி இறங்கும்போது தண்டு அதில் உரசும். மிக அகன்றிருந்தால், முறிந்த தண்டு அதற்குள்ளேயே வீசியடிக்கும். ஆகவே, காரின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையிலும், சக்கரங்கள் தொங்கும் நிலையிலும் இடைவெளியை அளந்து பார்ப்பது அவசியம்.

எனினும், வளையம் முறிவைத் தடுப்பதில்லை. முறிவின் கொடுமையைக் குறைக்கவே செய்கிறது. கியர் மாற்றும்போது ‘டக்’கென எழும் ஓசை, வேகம் கூடக்கூட மிகும் அதிர்வு, மூட்டின் ஓரங்களில் படியும் செந்நிறத் துருத்தூள் ஆகியவை மூட்டு தேய்ந்துவிட்டதை முன்கூட்டியே உணர்த்தும் அடையாளங்கள். இவற்றைப் புறக்கணித்துவிட்டு வளையத்தை மட்டும் நம்புவது அறிவுடைமை ஆகாது. அதோடு, நம் நாட்டில் வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகள் உள்ளன. அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றமாகும். வேகத்தைச் சோதிக்க உரிய களம் முறையான பந்தயத் தடமே.

முறிந்தபின் என்ன நேரும் என்பதை முன்னரே எண்ணிப் பார்க்கும் இந்தப் பொறியியல் சிந்தனை பந்தயக் கார்களோடு நின்றுவிடுவதில்லை. வயலில் டிராக்டரின் பின்புறமிருந்து சுழல்கலப்பைக்கு ஆற்றலைக் கொண்டு செல்வதும் இதே வகைத் தண்டுதான். அது பொதுவாக நிமிடத்திற்கு 540 முறை, அதாவது விநாடிக்கு 9 முறை சுழல்கிறது. தளர்ந்த சட்டையின் நுனி அதில் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இராது. அதனால்தான் அத்தண்டுக்கு மூடுறை இடப்படுகிறது. அவசரத்திற்காக அந்த உறையைக் கழற்றி எறிவதும், செலவுக்கு அஞ்சி வளையத்தைத் தவிர்ப்பதும் ஒரே தவற்றின் இரு வடிவங்களே.

வடசிலாங்கூர் இளைஞர்களின் இயந்திர ஆர்வம் வரவேற்கத்தக்கது. இவ்வட்டாரத்திலேயே, சுங்கை ஆயர் தாவாரில் உள்ள சுல்தான் இட்ரிஸ் ஷா பொலிடெக்னிக்கில் இயந்திரவியலை முறையாகக் கற்கவும் வாய்ப்பு உண்டு. ஆற்றலைக் கூட்டத் தெரிந்தவர் திறமையான வினைஞர் எனப்படுவார். கூட்டிய ஆற்றல் கட்டுமீறும்போது அதனை எங்கே, எப்படித் தாங்குவது என்பதையும் அறிந்தவரே பொறுப்புள்ள பொறியாளர் ஆவார்.