உப்பை உமிழும் நெல்

மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

நெல்லுக்கு உவர் பெரும்பகை. மண்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பு ஏறினாலே விளைச்சல் குறையத் தொடங்குகிறது. கடல்நீரிலோ லிட்டருக்கு 35 கிராம் உப்பு உள்ளது. அத்தகைய கடலின் அலை நாள்தோறும் இருமுறை வந்து மூழ்கடிக்கும் சேற்றில் நெல்லின் உறவினம் ஒன்று செழித்து நிற்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பே மேலிட்டது. அதைப் பற்றி நான் படித்தறிந்தவற்றை நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

இக்காட்டு நெல்லின் பெயர் ஒரைசா கோஆர்க்டேட்டா. கங்கைக் கழிமுகத்துச் சுந்தரவனத்திலும் சிந்துவின் கழிமுகத்திலும் இது வளர்கிறது. வங்காளத்தார் இதை ‘தானி காஸ்’, அதாவது நெற்புல் என்பர்.

உப்பு நெற்பயிரை இருவகையில் வருத்துகிறது. மண்நீரில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச இயலாது. வயலில் நீர் நின்றாலும் பயிர் வாடும். அடுத்து, உப்பிலுள்ள சோடியம் இலைகளில் சேர்ந்து, பொட்டாசியம் செய்ய வேண்டிய பணியைக் கெடுக்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் இக்கேடு மிகுதி.

காட்டு நெல் என்ன செய்கிறது? அதன் இலையின் மேற்பரப்பில் வரிவரியான பள்ளங்களும், அவற்றில் நுண்மயிர்களும் உள்ளன. உள்ளே புகுந்த உப்பில் ஒரு பகுதியைச் செடி அம்மயிர்களுக்குள் செலுத்துகிறது. அவை நிரம்பி வெடித்து உப்பை வெளியேற்றுகின்றன. இலைமேல் படியும் உப்பை அலை கழுவிச் செல்கிறது. இதனால் இலைக்குள் சோடியம் அளவு மீறுவதில்லை. சேற்றில் படரும் மட்டநிலத்தண்டோ செடியை அலை பெயர்க்காதபடி காக்கிறது.

இஃது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்துக் கடலோர வயல்களில் உப்புநீரைப் பாய்ச்சியது. 2009 மே மாதத்தில் ‘அய்லா’ புயல் சுந்தரவனத்தின் கரைகளை உடைத்து வயல்களை உவராக்கியது. உவரைத் தாங்கும் கேரளத்துப் பொக்காளி, வங்காளத்து நோனா போக்ரா போன்ற நெல்வகைகளை உழவர்களே பேணி வந்துள்ளனர். எனினும் காட்டு நெல் தாங்கும் அளவு உப்பை அவை தாங்குவதில்லை.

அப்படியாயின் இரண்டையும் கலந்தால் என்ன? அது எளிதன்று. பயிர் நெல்லுக்குக் குரோமோசோம்கள் 24. காட்டு நெல்லுக்கோ 48. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் இம்முயற்சியை 2013-இல் அறிவித்தது. 34,000 கலப்புகளில் 3 கருக்களையே மீட்க முடிந்தது. அவற்றுள் ஒன்றே வளர்ந்தது. கொல்கத்தாவின் போஸ் நிறுவன அறிஞர்களோ, உப்பிலும் செயல் குன்றாத ஒரு நொதியை இச்செடியில் கண்டு 2004-இல் வெளியிட்டனர்.

ஒரேயொரு நாற்றுக்காக அறிஞர் இத்துணை பாடுபட்டனர். அந்நாற்றின் தாயகமோ எவரும் பொருட்படுத்தாத கழிமுகச் சேறு. அச்சேற்றைத் தூர்த்துவிட்டால் நாளை நம் வயலுக்கு உதவக்கூடிய பண்பும் உடன் மறையும். பயனற்ற புல் என்று எதனையும் தள்ளிவிட வேண்டா என்பதே இச்சிறு செடி எனக்குக் கற்பித்த பாடம்.