டர்போவை மாற்றுமுன் சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. அப்பா 2009-இல் புதிதாக வாங்கிய டொயோட்டா இன்னோவா 2.5 டீசல் வண்டி இப்போது 3,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா போன மாதம் தவறிவிட்டார். வண்டியை நான்தான் வைத்துக்கொள்ளப்போகிறேன். தொப்பூர் ஏற்றத்தில் பழைய இழுவை இல்லை. மிதித்தால் கரும்புகை வருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் வெள்ளைப்புகை, ஆயிலும் குறைகிறது. ஒரு பட்டறையில் "டர்போ போயிருச்சு" என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "புகை தள்ளுது, இன்ஜினை இறக்கணும்" என்கிறார்கள். சித்தப்பா விற்றுவிடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: விற்க வேண்டாம். இப்போதைக்கு இன்ஜினை இறக்கவும் வேண்டாம், டர்போவுக்கு ஆர்டர் கொடுக்கவும் வேண்டாம். இரண்டு பட்டறையிலும் பெரிய செலவைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எதையாவது அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் கோளாறுகளில் பலவும், இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் ஒரு சிறிய செம்பு வாஷரிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது 2,494 சி.சி., 102 குதிரைத்திறன் கொண்ட 2கேடி இன்ஜின். 2005-இல் இன்னோவா இந்தியாவுக்கு வந்ததிலிருந்து 2016-இல் கிரிஸ்டா வரும்வரை ஓடிய இன்ஜின் இது. டாக்ஸியாக 5 லட்சம் கி.மீ. தாண்டியவை ஏராளம். முதல் ஃபார்ச்சூனரின் 3 லிட்டர் இன்ஜினும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்துக்கு மெக்கானிக்குகள் நன்கு அறிந்த ஒரு பலவீனம் உண்டு. இன்ஜெக்டரின் நுனி சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் இருக்கும் செம்பு வாஷர், லட்சக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு சரியாக அடைக்காது. எரிந்த வாயு அந்த இடுக்கு வழியே மேலேறி வால்வு கவருக்குள் நுழைகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளுவதற்கு இதுவும் காரணமாகலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் அப்படித்தான் தள்ளும். மூடியைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதை வைத்து இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது அவசரம்.

இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. மேலே வந்த கரி ஆயிலோடு கலந்து, சூட்டில் கெட்டித்துத் துணுக்குகளாகி, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது. அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கிறது. பட்டறையில் ஸ்ட்ரெய்னர் என்பார்கள். துணுக்குகள் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வலை பாதி அடைத்தாலும் டாஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியாது. அழுத்தம் அறவே போன பிறகுதான் அது எரியும். அதற்குள் டர்போ பட்டினி கிடந்திருக்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அது சுழல்வது புஷ்ஷுக்குள் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின்மேல். அந்தப் படலம் சில நொடி அறுந்தாலே உலோகம் உலோகத்தில் உரசும். அடைத்த வலையை அப்படியே விட்டுவிட்டுப் புது டர்போ போட்டால் அதுவும் நிலைக்காது. ஒரே வண்டிக்கு இரண்டு முறை டர்போ மாற்றினேன் என்பவர்களில் பலரும் இந்த வலையைப் பார்க்காதவர்கள்தான்.

ஆகவே சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரைக் கையால் துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். வலையில் கரி எவ்வளவு இருந்தது என்பதே பாதி நிலவரத்தைச் சொல்லிவிடும். இன்ஜின் ஃபிளஷ் என்று விற்கும் டப்பாவை மட்டும் ஊற்ற விடாதீர்கள். 3 லட்சம் ஓடிய இன்ஜினில் அது பழைய கரியைப் பெயர்த்து மொத்தமாக வலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாஷரை மாற்ற இன்ஜெக்டர்களைக் கழற்றும்போதே க்ளோ பிளக் துளை வழியே கம்ப்ரெஷனையும் அளந்துவிடலாம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, கம்பெனி சொல்லும் அளவுக்குள் இருந்தால் 'இன்ஜின் வேலை' என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் சோதித்து, புது வாஷரோடு அதே சிலிண்டரில் மாட்ட வேண்டும். கழற்றிய வாஷரைத் தேய்த்துத் திரும்பப் போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். காலை நேர வெள்ளைப்புகையில் டீசல் வாடை அடித்தால் அதன் காரணமும் பெரும்பாலும் இன்ஜெக்டரிலோ க்ளோ பிளக்கிலோதான் இருக்கும்.

டர்போவை நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். இன்ஜின் நன்றாக ஆறியபின், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே சிறிய விசிறிச் சக்கரம் தெரியும். அதன் நடு மூக்கை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடும்; ஆயில் படலத்துக்கான இடைவெளி அது, பயப்பட வேண்டாம். அடுத்து உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். இந்தத் திசையில் அசைவு கையில் உணரும்படி இருக்கக் கூடாது. இறகின் ஓரங்கள் கூட்டில் உரசிய பளபளப்பு இருக்கிறதா, முனைகள் மண் அரித்து மழுங்கியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸின் உட்சுவரில் லேசான ஆயில் ஈரம் எல்லா டீசலிலும் இருக்கும். குளம்போலத் தேங்கியிருந்தால்தான் கவலை. இவற்றில் டர்போ தேறிவிட்டால், இழுவைக் குறைவுக்கும் கரும்புகைக்கும் காற்றுப் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம்: அடைத்த ஏர் ஃபில்டர், வெடித்த ஹோஸ், இஜிஆர் வால்விலும் இன்லெட் மேனிஃபோல்டிலும் தார் போல அப்பியிருக்கும் கரி.

தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பண்ணைத் தூசியும் கிரஷர் தூசியும் பறக்கும் ஊரில் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஏர் ஃபில்டரை விட்டுவைக்கக் கூடாது. பாதியிலேயே மாற்றுங்கள். பெட்டியின் கிளிப்பும் ரப்பர் விளிம்பும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் புழுதிக்கு நடுவே இரவு பகலாக டர்போ இன்ஜினை ஓட்டுகின்றன. அந்த வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு ஃபில்டரின் அருமை தெரியும். லாரிக்கும் ரிக்குக்கும் வேலை செய்து பழகிய டீசல் பட்டறைகள் உங்கள் மாவட்டத்தில் இருப்பது உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. அப்படி ஒரு பட்டறையைத் தேடிப் போங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம்; உள்ளே படிந்து, சித்திரை வெயிலில் இன்ஜினைச் சூடேற்றிவிடும். பழைய நீரை முழுக்க இறக்கிவிட்டுக் கூலன்ட் போடுங்கள். ஆயிலைப் புத்தகம் சொல்லும் கிரேடில் 10,000 கி.மீ. வரை இழுக்காமல் 7,000-இலேயே மாற்றுங்கள். ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்த பிறகு ஊற்றும் முதல் ஆயிலை மட்டும் 2,000-இல் இறக்கிவிடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்ததும், நாற்கரச் சாலையில் விரட்டி வந்து டீக்கடையில் நிறுத்தியதும் உடனே சாவியைத் திருகாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். இல்லையென்றால் சூடான டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் அங்கேயே வெந்து கரியாகும்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழைய டயரில் பட்டன் எவ்வளவு மீதமிருந்தாலும் வெயில் நேரத்தில் சேலம் பைபாஸில் வேகம் போவது ஆபத்து.

பேப்பர் வேலைக்குத் தேதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். இன்ஷூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். 2009 வண்டிக்கு 15 ஆண்டு 2024-இலேயே முடிந்துவிட்டது, அப்பா ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தாரா, பசுமை வரி கட்டியிருந்தாரா என்று முதலில் பாருங்கள். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்படும் தடை டெல்லிப் பகுதிக்கானது. தமிழ்நாட்டில் அது இல்லை.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போட முடியாது. இந்த இன்ஜினில் ஓடுவது டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்போது நிஜமாகவே இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். அப்பாவின் பில் கட்டில் பெல்ட் எந்தக் கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று தேடுங்கள். பில் கிடைக்காவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, டென்ஷனரோடு சேர்த்து கம்பெனி பெல்ட்டாகவே மாற்றுங்கள். அதுவரை வண்டியை வெளியூருக்கு எடுக்க வேண்டாம்.